மிக்ஸ் செய்யவும் பாட்டுக் கேட்கவும் ஒரே ஹெட்போன் போதுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கோயில் பஜனைக் குழுவின் புரட்டாசிப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்து, லேப்டாப்பில் மிக்ஸ் செய்கிறாராம் (குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பது). ஸ்பீக்கர் வாங்கி அறையைச் சரிசெய்ய வசதி இல்லை, ஒரே ஒரு ஹெட்போன்தான் வாங்க முடியும். பேயர்டைனமிக் டி.டி. 990 ப்ரோ, சென்ஹைசர் எச்.டி. 600, சோனி எம்.டி.ஆர். 7506, ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் என்ற நான்கில் எதன் ஒலி சிறந்தது? ஸ்டுடியோ ஹெட்போனில் சும்மா பாட்டுக் கேட்டால் வறட்சியாக இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா? இதுதான் கேள்வி.

நான்கையும் ஒப்பிடச் சொல்வது போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். வேலைக்கு ஒன்று, ரசிக்க ஒன்று என்று இரண்டு வேண்டுமா, அல்லது ஒன்றை வைத்தே சமாளிக்கலாமா? என் பதில்: ஒன்று போதும். சொல்லப்போனால் ஒன்றாக இருப்பதே உங்களுக்கு நல்லது. ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். நான் டர்பனில் பல வருடங்களாக மேடை ஒலியும் பதிவு வேலையும் பார்ப்பவன். பக்திப் பாடல், கல்யாண நிகழ்ச்சி, அவ்வப்போது விளம்பரக் குரல் என்று கலந்துகட்டிய பிழைப்பு. கீழே சொல்வதில் சில அளந்து பார்த்த விஷயங்கள், சில என் காதின் தீர்ப்பு. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டுடியோ ஹெட்போன் உள்ளதை உள்ளபடி காட்டும், வீட்டு ஹெட்போன் சர்க்கரை தூவிக் கொடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பெட்டியின் மேல் அச்சிட்ட விளம்பரம் வளர்த்த நம்பிக்கை. நீங்கள் சொன்ன நான்கையும் ஒரே பாட்டுக்கு மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள், நான்கு பேர் செய்த நான்கு மிக்ஸ் மாதிரி இருக்கும். நான்குமே ஸ்டுடியோக்களில் புழங்குபவைதான். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் நம் காதிலேயே இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி தலை, காதுமடல், காதுக்குழாய் எல்லாவற்றையும் கடந்து செவிப்பறைக்குப் போகும்போது, 3000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) சுற்றுவட்டாரம் பத்து டெசிபலுக்கும் (சத்தத்தின் அளவு) மேல் தூக்கப்படுகிறது. பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டுப் பழகியதால் அந்தத் தூக்கல் நமக்குத் தெரிவதில்லை. ஹெட்போன் காதின் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வதால் இந்தப் பாதையில் ஒரு பகுதி விடுபட்டுப் போகிறது. விடுபட்டதைத் தயாரிப்பாளர் தாமே உள்ளே சேர்த்தாக வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு, ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கணக்கு. போதாதற்கு, 8000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதே ஹெட்போன் உங்கள் காதில் ஒரு மாதிரியும் என் காதில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும், ஏனென்றால் காதுமடலின் வளைவு ஆளுக்கு ஆள் மாறும். இதெல்லாம் அளந்து நிரூபித்தவை, சந்தேகத்துக்கு இடமில்லை.

வறட்சி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஒரு சோதனை வரிசை தொடங்கினார்கள். எந்த ஹெட்போன் என்று தெரியாமல் ஆட்களைக் கேட்கவைத்து, எது பிடித்திருக்கிறது என்று பதிவு செய்தார்கள். ஒலித்துறையில் பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாய்ந்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்குமோ, அதற்கு நெருங்கிய ஒலி பெரும்பாலோருக்குப் பிடித்தது. அடிஒலி கொஞ்சம் கூட வேண்டும், குறைய வேண்டும் என்ற அளவில்தான் ஆட்களுக்குள் வித்தியாசம். வேலைக்கு நல்ல ஒலியும் ரசிக்க நல்ல ஒலியும் எதிரெதிர் ஊர்களில் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. பிறகு ஏன் வறட்சி என்கிறார்கள்? அடிஒலியைக் கூட்டிக் கொடுக்கும் சாதாரண ஹெட்போனிலிருந்து வருபவருக்கு முதல் சில நாள் எதுவுமே வெறுமையாகத்தான் தெரியும். காது பழகியபின் அந்தக் குறை போய்விடும். ஆனால் மோசமாகப் பதிவான பழைய பாட்டுகள் மோசமாகவே கேட்கும். அதற்கு மருந்தில்லை.

இப்போது நான்குக்கும் வருகிறேன். உங்கள் பஜனையில் ஜால்ரா இருக்கும், ஹார்மோனியம் இருக்கும், மிருதங்கமோ டோலக்கோ இருக்கும், ஐந்தாறு பேர் சேர்ந்து ‘ஸ்ரீனிவாசா கோவிந்தா’ என்று பாடுவார்கள். இதைவிட நல்ல சோதனைப் பாட்டு கிடையாது. டி.டி. 990 ப்ரோவில் அடிஒலியும் தூக்கல், மேல்ஒலியும் தூக்கல். 8000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மையான முகடு இருக்கிறது, அளவீடுகளிலும் தெளிவாகத் தெரியும். ஜால்ரா அதில் ஊசி மாதிரி குத்தும். ‘ஸ்ரீனிவாசா’வில் வரும் ஸகரம் சீறும். நீங்கள் என்ன செய்வீர்கள்? ஜால்ராவைக் குறைப்பீர்கள், ஸகரத்தை அமுக்குவீர்கள். அதே மிக்ஸை மாமாவின் காரில் போட்டால் ஜால்ரா காணாமல் போயிருக்கும், பாடுபவருக்கு நாக்குத் தடித்தது போல இருக்கும். ஒலி விசாலமாக இருப்பதால் சும்மா கேட்க அதை விரும்புபவர்கள் நிறைய. எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இது என் காதின் தீர்ப்பு, உங்களுக்கு ஒத்துப்போகவும் கூடும்.

எச்.டி. 600 இதற்கு நேர் எதிர். 1997-இல் வந்தது, இன்னும் விற்கிறது. மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதியில் இதன் நேர்மையைப் பற்றி இரண்டு கருத்து இல்லை. ஹார்மோனியத்தின் இரண்டு ரீடுகள் ஒன்றோடொன்று லேசாகச் சுருதி விலகி அதிர்வது, கோரஸில் யார் ஒருவர் அரை நொடி பிந்திப் பாடுகிறார் என்பது, எல்லாம் தேடாமலே காதில் விழும். குறை கீழே இருக்கிறது. திறந்த முதுகு கொண்ட (காதுக்கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைக்காமல் ஒலி வெளியே போகும்) பெரும்பாலான ஹெட்போன்களைப் போல அடிமட்ட அதிர்வுகளில் இது இறங்கிவிடும். பஜனைக்கு அது பெரிய இழப்பில்லை. உங்கள் வீட்டில் யாராவது க்கோம் (நம் டர்பனிலேயே பிறந்த அந்த இடிஇசை) கேட்பவர் இருந்தால், இதைப் போட்டுவிட்டு ‘பேஸ் எங்கே?’ என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

எம்.டி.ஆர். 7506 வந்தது 1991-இல். வானொலி நிலையங்களிலும் படப்பிடிப்பு ஒலிப்பதிவிலும் இதை எங்கே போனாலும் பார்க்கலாம். இதன் மேல்ஒலியும் கூர்மைதான், அந்தக் கூர்மை குற்றம் கண்டுபிடிக்க உதவும். மைக்கில் மூச்சு அடிப்பது, நாக்கு ஒட்டும் சத்தம், பின்னணியில் ஃப்ரிட்ஜ் முனகுவது, எல்லாம் மாட்டும். அதே காரணத்தால் இரவு சாய்ந்து உட்கார்ந்து பழைய பாட்டுக் கேட்க இது சுகமான துணை அல்ல. எம்50எக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிஒலி கூட்டிய, உற்சாகமான ஒலி, பஸ்ஸில் கேட்க நன்றாக இருக்கும். மிக்ஸ் செய்தால் அடிஒலி போதும் போதும் என்று தோன்றிக்கொண்டே இருப்பதால் மிருதங்கத்தின் தொப்பியை (அடிஒலி தரும் பக்கத்தை) குறைத்துவிடுவீர்கள், வெளியே போய்க் கேட்டால் தாளம் மெலிந்திருக்கும்.

நான்கிலும் கோணல் இருக்கிறது என்றால் எதை நம்புவது? கோணல் இல்லாத ஹெட்போனைத் தேடி அலைவதைவிட, கையில் இருப்பதன் கோணலை மனப்பாடம் செய்வதுதான் வழி. 1978-இல் வந்த யமஹா என்.எஸ். 10 ஸ்பீக்கரைப் பாருங்கள். அதன் ஒலி இனிமையானது என்று யாரும் சொன்னதில்லை, அடிஒலியும் கிடையாது. ஆனாலும் பல வருடங்கள் உலகம் முழுக்க ஸ்டுடியோ மேசைகளில் உட்கார்ந்திருந்தது. அதில் இப்படிக் கேட்டால் வெளியே எப்படிக் கேட்கும் என்று மிக்ஸ் செய்பவர்களுக்கு அத்துப்படியாக இருந்தது, அதனால்தான். ஒரே ஹெட்போன் நல்லது என்று நான் சொல்வதும் இதனால்தான். மாலையில் நீங்கள் சும்மா பாட்டுக் கேட்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஹெட்போனைப் பற்றிய பாடம். நன்றாக மிக்ஸ் ஆன குரல் இதில் எவ்வளவு முன்னால் நிற்கிறது, தபலாவின் அடி எந்தக் கனத்தில் இருக்கிறது, ஸகரம் எவ்வளவு சீறுவது சகஜம் என்று காது தானாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். வேலைக்கு ஒன்று, ரசிக்க ஒன்று என்று பிரித்து வைத்தவர், வேலைக்கான ஹெட்போனில் தன் அரைகுறை மிக்ஸை மட்டுமே கேட்கிறார். ஒப்பிட அவருக்கு எதுவும் இருக்காது.

இதை வேண்டுமென்றே செய்யவும் ஒரு முறை உண்டு. உங்களுக்கு நெஞ்சோடு தெரிந்த, நன்றாகப் பதிவான மூன்று நான்கு பக்திப் பாடல்களை மிக்ஸ் செய்யும் அதே புராஜெக்டில் ஒரு டிராக்கில் போட்டுக்கொள்ளுங்கள். வெளியான பாட்டு எப்போதும் உங்கள் மிக்ஸைவிடச் சத்தமாக இருக்கும். அதைக் குறைத்து, இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும்வரை கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் ‘நல்ல ஒலி’ போலத் தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசமே தீர்ப்பை மாற்றிவிடும். கடையில் ஹெட்போன்களை ஒப்பிடும்போதும் இதே வம்புதான். நல்லது ஜெயிப்பதில்லை, சத்தமாக இருப்பது ஜெயிக்கிறது.

சத்தத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் குறைந்தால் அடிஒலி மற்றதைவிட வேகமாகக் காதிலிருந்து மறையும் என்று ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-இலேயே காட்டிவிட்டார்கள். சத்தமாக வைத்து மிக்ஸ் செய்தால் தாளம் நிறைவாகத் தெரியும், பாட்டி சமையலறையில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது தாளமே இருக்காது. ஆகவே பெரும்பகுதி வேலையைப் பேச்சுச் சத்தத்தில் வைத்துச் செய்யுங்கள். காதுக்கும் அதுதான் நல்லது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழிலிடப் பாதுகாப்புக்குப் பரவலாகச் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 94-இல் ஒரு மணி நேரம்தான். என் காது இப்போது ஜால்ராவின் உச்சிக் கிணுகிணுப்பை முழுதாகப் பிடிப்பதில்லை, வயதும் மேடையும் சேர்ந்து செய்த வேலை. மேல்ஒலியைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்குக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே இளைஞர் ஒருவரின் காதைக் கேட்பது உத்தமம்.

திறந்த முதுகா, மூடிய முதுகா என்பது உங்கள் விஷயத்தில் ஒலியைவிட முக்கியமாகிவிடலாம். நீங்கள் பதிவும் செய்கிறீர்கள். பாடுபவர் திறந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அதிலிருந்து கசியும் சுருதிப்பெட்டியும் தாளமும் மைக்கில் ஏறும், பிறகு அதைப் பிரிக்க முடியாது. பாடகருக்கு மூடியதுதான் வேண்டும், அதில் பேரம் இல்லை. ஆனால் பாடகரின் காதுக்கு விலை மலிவான எந்த மூடிய ஹெட்போனும் போதும், கடன் வாங்கியதுகூடப் போதும். மிக்ஸ் செய்யும் உங்கள் காதுக்குத்தான் பணத்தைப் போட வேண்டும். பல வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

மூடியது வெளிச் சத்தத்தைத் தடுக்கும் என்பதிலும் ஒரு ஓட்டை உண்டு. மின்வெட்டு மும்முரமாக இருந்த நாட்களில் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் எப்படி உறுமியது என்று நினைத்துப் பாருங்கள். மூடிய ஹெட்போன் பேச்சையும் பறவைச் சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும், அந்த அடி உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. உறுமல் இருக்கும்போது அடிஒலி முடிவு எதுவும் எடுக்காதீர்கள், எந்த ஹெட்போனாக இருந்தாலும் சரி. இரைச்சலைக் கழிக்கும் ப்ளூடூத் ஹெட்போன்கள் அந்த உறுமலை அழகாகக் கொல்லும், ஆனால் ஒலியைத் தாமே திருத்திக்கொள்ளும், தாமதமும் சேர்க்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு தாளத்தோடு பாடிப் பதிவு செய்ய முடியாது.

ஹெட்போன் எவ்வளவு நல்லதானாலும் சில விஷயங்களைச் சொல்லவே சொல்லாது. ஸ்பீக்கரில் இடது பக்க ஒலி வலது காதுக்கும் போய்ச் சேரும், ஹெட்போனில் போகாது. அதனால் ஒரு பக்கமாகத் தள்ளிய கஞ்சிரா ஹெட்போனில் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், ஸ்பீக்கரில் அவ்வளவு தள்ளித் தெரியாது. அடிஒலியை நெஞ்சால் உணர்வதும் ஹெட்போனில் இல்லை. எதிரொலியைப் பொறுத்தவரை, ஹெட்போனில் அது நுணுக்கமாகத் தெரிவதால் அதைக் குறைவாகவே சேர்ப்போம் என்பது என் அனுபவம், வேறு சிலர் நேர்மாறாகச் சொல்கிறார்கள். ஆகவே மிக்ஸை வெளியே எடுத்துப்போக வேண்டும். புடவைக் கடையில் விளக்கு வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்கு எடுத்துப்போய் நிறம் பார்ப்பார்களே, அந்த வேலைதான். நம் ஊரில் அதற்கு மூன்று வாசல்கள். முதலாவது போனின் சின்ன ஸ்பீக்கர், ஏனென்றால் உங்கள் பாட்டு பாதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில்தான் போகப்போகிறது. அங்கே இடது வலது பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடும், குரல் அப்போதும் தெளிவாக நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கோயில் ஹார்ன் ஸ்பீக்கர். அதில் அடியும் இல்லை, உச்சியும் இல்லை, நடுப்பகுதி மட்டும் கத்தும், ஹார்மோனியம் குரலை விழுங்கினால் அங்கே அம்பலமாகிவிடும். மூன்றாவது, தெரிந்த டாக்ஸிக்காரர் இருந்தால், அவருடைய மினிபஸ். டர்பன் டாக்ஸியின் சப்வூஃபர் (அடிஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) முன்னால் எந்த ஹெட்போனும் நிற்க முடியாது. தொப்பி அங்கே குமுறிக் குரலை மூடினால் வீட்டுக்கு வந்து குறைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸிக்காகவே மிக்ஸ் செய்துவிடவும் வேண்டாம்.

சந்தேகமானவற்றையும் சொல்ல வேண்டும். புது ஹெட்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மலரும் என்பார்கள். மெத்தை தலைக்குப் படிவதும் காது பழகுவதும் உண்மை, அதற்கு மேல் நான் நம்பவில்லை. விலையுயர்ந்த கேபிள் ஒலியை மாற்றும் என்பதற்கும் அதே பதில். ஹெட்போனின் கோணலை நேராக்கும் மென்பொருள்கள் வேறு விஷயம், அவற்றில் பயன் உண்டு. ஆனால் அவை அந்த மாடலின் பொது அளவை வைத்துத் திருத்துகின்றன. உங்கள் காதும் உங்கள் ஹெட்போனின் வயதும் அவற்றுக்குத் தெரியாது. கீழ், நடுப் பகுதிகளில் நம்பலாம், உச்சியில் அரைமனதோடு நம்பலாம். பயன்படுத்தினால் பாட்டுக் கேட்கும்போதும் அதைப் போட்டே கேளுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன பாடம் பாழ்.

ஹெட்போனின் மின்தடையைச் சொல்லும் ஓம் கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். எச்.டி. 600 என்பது 300 ஓம், டி.டி. 990 ப்ரோ பழக்கமான வடிவில் 250 ஓம், 7506 வெறும் 63, எம்50எக்ஸ் 38. ஒரு வோல்ட் கொடுக்கும் கருவியில் 300 ஓம் ஹெட்போனுக்கு 3 மில்லிவாட் சொச்சம்தான் போகும், 38 ஓமுக்கு 26 மில்லிவாட். சத்தம் குறையும், அவ்வளவுதான். பேச்சுச் சத்தத்தில் வேலை செய்பவருக்குச் சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸே (மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) பெரும்பாலும் போதும். போனில் நேரடியாகச் செருகி எச்.டி. 600-ஐ அதிரவைக்க நினைத்தால்தான் ஏமாற்றம்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் எச்.டி. 600 வாங்குவேன், பாடகருக்கு ஒரு மலிவான மூடிய ஹெட்போன் தேடிக்கொள்வேன். வீட்டில் இரவுகூட அமைதி கிடையாது, ஒரே அறையில் பிள்ளைகளும் டிவியும் என்றால் திறந்த ஹெட்போன் வீண். அப்போது மூடிய வகையான 7506. அதன் மேல்ஒலி உங்களை ஏய்க்கும் என்று தெரிந்து, ஜால்ராவிலும் ஸகரத்திலும் கைவைக்குமுன் ஒப்பீட்டுப் பாட்டைக் கேட்டுவிட்டு வையுங்கள். 7506-க்கும் எம்50 வகைக்கும் போலிகள் உலவுகின்றன. சந்தேகத்துக்கு இடமான மலிவு விலையில் இணையத்தில் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பழையது வாங்கினால் காதுமெத்தையைப் பாருங்கள். நம் கடலோர ஈரக்காற்றில் செயற்கைத் தோல் சீக்கிரம் உரிந்து கருப்புத் தூளாகக் காதில் ஒட்டும். மெத்தை தட்டையாகிப்போனால் ஒலியே மாறிவிடும். மாற்றும்போது அசல் மெத்தையையே போடுங்கள், வேறு வகை போட்டால் அது வேறு ஹெட்போன். கண்ணாடி அணிபவராக இருந்தால் மூடியதில் அந்தக் காம்பு இடைவெளி வழியாகவே அடிஒலி கசிந்துவிடும், கண்ணாடியோடு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எந்த இன்டர்ஃபேஸ் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் 300 ஓமுக்கு அது தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.